அதிகாரமும் ஆய்வுக்கூடமும் – 9: விதைநெல் காத்தவர்கள்

சென்ற வாரம் நிகலாய் வாவிலோவை இந்துகுஷ் மலைப்பாதையில் விட்டுவிட்டு வந்தோம். 1924ஆம் ஆண்டு. குதிரைகளின் முதுகில் துணிப்பைகள். பைகளுக்குள் ஆப்கன் உழவர்களிடம் கைப்பிடி கைப்பிடியாகக் கேட்டு வாங்கிய கோதுமை. அவருடைய கதையை இந்த வாரம் முடித்தாக வேண்டும். எழுத உட்காரும்போதே மனம் கனக்கிறது.

மலைப்பாதையிலிருந்து பதினாறு ஆண்டுகளைத் தாண்டி, 1940 ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு வருவோம். மேற்கு உக்ரைனில் செர்னிவ்ட்சி ஊருக்கு அருகே, கார்ப்பாத்திய மலையடிவாரத்தில், வாவிலோவ் அன்றும் செடி சேகரித்துக்கொண்டுதான் இருந்தார். வயது 52. மாலையில் ஒரு கறுப்புக் கார் வந்தது. மாஸ்கோவில் அவசர வேலை, உடனே வர வேண்டும் என்றார்கள். அவர் ஏறிக்கொண்டார். கூட வந்திருந்த மாணவர்கள் பிறகு அவருடைய பையைப் பிரித்து அன்றைய சேகரிப்பைத் தரம் பிரித்தபோது, உமி எளிதில் நீங்காத பழைய கோதுமை வகை ஒன்றின் கதிர்க்கொத்து கிடைத்தது. தன் கையால் அவர் பறித்த கடைசிக் கதிர் அது.

அவர் செய்த குற்றம் என்ன? இதற்குப் பதில் சொல்ல, இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்தே நம்மோடு நடந்துவரும் கேள்வியை மறுபடி எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குள் சமூகமும் அரசியலும் எதுவரை வரலாம்?

வரவே கூடாது என்று சொல்வது எளிது. வாவிலோவின் வாழ்க்கை அப்படிச் சொல்ல விடாது. அவரை உருவாக்கியதில் அரசியலுக்கும் பங்கு உண்டு. 1921 பஞ்சத்தில் ருஷ்யா லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. புதிதாகப் பிறந்த அரசு, பசி தீர வழி சொல்லுங்கள் என்று அறிவியலாளர்களைக் கேட்டது. அந்த ஆண்டுதான் சரடோவில் பேராசிரியராக இருந்த வாவிலோவ் பெட்ரோகிராடுக்கு அழைக்கப்பட்டார். உலகமெங்கும் சுற்றி விதை சேகரிக்க அரசு பணம் கொடுத்தது. எத்தியோப்பியா, சீனா, ஜப்பான், கொரியா, மெக்சிகோ, பெரு என்று அவர் போகாத திசை குறைவு. 1940 வாக்கில் அவருடைய நிறுவனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருந்தன. உலகில் அதுவரை யாரும் அப்படி ஒரு பத்தாயத்தைக் கட்டியதில்லை. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு தாய்வீடு உண்டு, பயிரின் வகைகள் எங்கே அதிகமோ அங்கே அதைத் தேட வேண்டும் என்று 1926இல் அவர் எழுதியது வேளாண் அறிவியலின் போக்கையே மாற்றியது. நெல், கரும்பு, மா, கத்தரி ஆகியவற்றுக்கு அவர் காட்டிய தாய்வீடு இந்தியா. நம் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்புக்கும் வாவிலோவின் வரைபடத்தில் ஓர் இடம் இருக்கிறது.

ஆக, சமூகம் கேள்வி கேட்டது. அறிவியல் பதில் தேடப் போனது. இதில் என்ன தவறு? எதுவுமில்லை. பசித்தவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. தவறு எங்கே நுழைந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

பதில் வரத் தாமதமானது. ஒரு புதிய கோதுமை வகையை உருவாக்கி, சோதித்து, உழவர் கைக்குக் கொடுக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். பயிர் ஆண்டுக்கு ஒருமுறைதான் விளையும். அதை அவசரப்படுத்த முடியாது. ஆனால் 1929இலிருந்து ஸ்டாலின் அரசு உழவர்களின் நிலத்தைப் பிடுங்கிக் கூட்டுப்பண்ணைகளாக்கியது. தானியத்தைக் கட்டாயக் கொள்முதல் என்ற பெயரில் அள்ளிக்கொண்டு போனது. 1932–33இல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் மக்கள் லட்சம் லட்சமாகப் பசியால் செத்தார்கள். அந்தப் பஞ்சம் அரசின் கொள்கை கொண்டுவந்தது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாத அரசுக்கு, உடனடியாக விளைச்சலைக் கூட்டிக் காட்டும் ஓர் அதிசயம் தேவைப்பட்டது. புதிய பயிர் வகைகள் நாலைந்து ஆண்டுகளுக்குள் வந்தாக வேண்டும் என்று 1931இலேயே ஆணை போட்டாயிற்று.

அந்த இடத்தில்தான் த்ரோஃபிம் லைசென்கோ வந்து சேர்கிறார்.

1898இல் உக்ரைனின் பொல்தாவா பகுதியில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். பதின்வயதை எட்டிய பிறகே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். அசர்பைஜானின் கஞ்சா ஊரில் ஒரு வேளாண் பண்ணையில் வேலை பார்த்தபோது, குளிர்காலத்தில் பட்டாணி பயிரிட்டுக் காட்டினார். அந்த ஆண்டுக் குளிர் கடுமையாக இல்லை, பட்டாணி பிழைத்தது. 1927 ஆகஸ்டில் 'ப்ராவ்தா' நாளிதழ் அவரை வெறுங்கால் பேராசிரியர் என்று புகழ்ந்து எழுதியது. மாடியில் பிறந்த படிப்பாளிகளை நம்பாத ஓர் ஆட்சிக்கு, மண்ணில் பிறந்த ஒரு விஞ்ஞானி கிடைத்தார்.

அவருடைய பெயர் பரவக் காரணமான வித்தையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நம் ஊரில் நாற்றங்காலுக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி, ஒரு பகல் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, வைக்கோல் மூடி, மேலே பாரம் வைத்து முளைகட்டுவார்கள். கைவிட்டுப் பார்த்தால் உள்ளே வெதுவெதுப்பு இருக்கும். ருஷ்யாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கோதுமையில் இரண்டு உண்டு. இலையுதிர் காலத்தில் விதைத்துப் பனிக்கடியில் கிடந்து அடுத்த கோடையில் அறுப்பது ஒன்று. வசந்தத்தில் விதைத்து அதே ஆண்டு அறுப்பது மற்றொன்று. முதல் வகைக்குக் குளிர் படாமல் பூ வராது. லைசென்கோ அந்த விதையை நனைத்து, லேசாக முளை எட்டிப் பார்க்கும் பக்குவத்தில் வாரக்கணக்கில் குளிரில் வைத்து, பிறகு வசந்தத்தில் விதைக்கச் சொன்னார். 1929இல் அவருடைய தந்தையே தன் வயலில் இப்படிச் செய்து கதிர் எடுத்தார். இதற்கு வசந்தப்பயிராக்கம் என்று பொருள்படும் ஒரு ருஷ்யப் பெயரை வைத்தார்கள்.

இது பொய் இல்லை. குளிர் பட்டால் பூக்கும் என்பது உண்மை. ஜெர்மனியில் கஸ்னர் என்பவர் முன்பே ஆராய்ந்த விஷயம். பொய் அதற்கு மேல் கட்டப்பட்டது. இப்படிச் செய்தால் நாடு முழுவதும் விளைச்சல் பெருகும் என்றார் லைசென்கோ. ஆதாரமாகக் காட்டியது கூட்டுப்பண்ணைகளுக்கு அனுப்பி நிரப்பி வாங்கிய படிவங்களை. பக்கத்து வயலில் சாதாரண விதை போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. விளைச்சல் குறைந்தது என்று எழுதி அனுப்ப எந்தப் பண்ணைத் தலைவருக்குத் துணிச்சல் வரும்? களத்திலோ, நனைத்த விதை பூஞ்சணம் பிடித்தது. ஊதிப்போன விதை விதைக்கும் கருவியில் சிக்கிக்கொண்டது. வெயிலிலும் குளிரிலும் பழக்கினால் பயிரின் இயல்பே மாறி அது அடுத்த தலைமுறைக்கும் போகும், மரபணு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதுவரை போனார் அவர்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் லைசென்கோவைத் தூக்கிவிட்டவர்களில் வாவிலோவும் ஒருவர். குளிர்ப் பக்குவம் செய்தால் வெவ்வேறு காலத்தில் பூக்கும் செடிகளை ஒரே காலத்தில் பூக்கவைத்து ஒட்டுச்சேர்க்கை செய்யலாம் என்று அவர் உண்மையாகவே மகிழ்ந்தார், மேடைகளில் பாராட்டினார், அறிவியல் கழக உறுப்பினர் பதவிக்குப் பெயர் முன்மொழிந்தார். படிக்காத வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்ற நல்லெண்ணமும் அதில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புள்ளிவிவரத்தை அன்றே கறாராகக் கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதா? அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் கேட்டிருக்க முடிந்தது. பிறகு கேட்க முடியாமல் போயிற்று.

1935 பிப்ரவரியில் கிரெம்ளினில் கூட்டுப்பண்ணைத் தொழிலாளர் மாநாடு. விஞ்ஞானம் பேசும் வேடத்திலும் வர்க்க எதிரிகள் இருக்கிறார்கள் என்று லைசென்கோ மேடையில் முழங்கினார். அரங்கில் இருந்த ஸ்டாலின் எழுந்து, சபாஷ் தோழர் லைசென்கோ, சபாஷ் என்று குரல் கொடுத்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சோதனைச் சாலையின் முடிவுக்கும் எடை இல்லாமல் போனது. அதே ஆண்டு வேளாண் அறிவியல் கழகத்தின் தலைவர் பதவி வாவிலோவிடமிருந்து போனது. அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த முராலோவும் மெய்ஸ்டரும் ஒருவர்பின் ஒருவராகக் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1938இல் லைசென்கோ உட்கார்ந்தார். மாஸ்கோவில் 1937இல் நடக்கவிருந்த உலக மரபியல் மாநாடு ரத்தாகி, 1939இல் எடின்பரோவில் கூடியது. தலைவராக வாவிலோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவரை வெளிநாடு போக விடவில்லை.

மரபியலை எதிர்த்தவர்கள் கையில் இருந்த கூர்மையான ஆயுதம் எது தெரியுமா? பிறப்பால் தாழ்ந்தவர்கள் என்று முத்திரை குத்தி மனிதர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை 1933இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்திருந்தது; அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அதற்கு முன்பே அப்படிச் சட்டம் இருந்தது. எல்லாம் மரபியலின் பெயரால். அதைக் காட்டி, மரபியலே பாசிச அறிவியல் என்றார்கள். ஓர் அரசியல் ஓர் அறிவியலைக் கெடுத்து வைத்தது. இன்னோர் அரசியல் அதையே சாக்காகக் கொண்டு அந்த அறிவியலை வெட்டியது. கோதுமைக் கதிரோடு மலையில் நின்ற மனிதருக்கும் பெர்லின் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கைதான வாவிலோவைச் சுமார் நானூறு முறை, மொத்தம் 1,700 மணி நேரம் விசாரித்தார்கள். இங்கிலாந்தின் உளவாளி, வேளாண்மையை நாசம் செய்தவர் என்று குற்றச்சாட்டு. 1941 ஜூலை 9ஆம் தேதி சில நிமிடங்களில் வழக்கை முடித்து மரண தண்டனை விதித்தார்கள். சிறையில் இருந்தபடியே உலக வேளாண்மையின் வளர்ச்சி பற்றி ஒரு நூல் எழுதி முடித்திருப்பதாகப் போலீஸ் அமைச்சர் பெரியாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை. 1942இல் தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அவரை அடைத்து வைத்திருந்த ஊர் சரடோவ். இளம் பேராசிரியராக அவர் பாடம் நடத்திய அதே சரடோவ். மனைவி யெலினா பாருலினாவும் மகன் யூரியும் போருக்குப் பயந்து அந்த ஊரில்தான் தங்கியிருந்தார்கள். யெலினாவும் பயிர் விஞ்ஞானி. மைசூர்ப் பருப்புச் செடியைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். கணவர் மாஸ்கோ சிறையில் இருப்பதாக எண்ணி, தன் வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததைப் பொட்டலம் கட்டி மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவரோ அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில், பட்டினியில் இருந்தார். 1943 ஜனவரி 26ஆம் தேதி, உணவின்றி உடல் வற்றிப் போய், உலகத்தின் பசியைத் தீர்க்கப் புறப்பட்ட அந்த மனிதர் இறந்தார். எந்தப் பொட்டலமும் அவர் கைக்கு வந்து சேரவில்லை.

இப்போது லெனின்கிராடுக்குப் போவோம்; வாவிலோவ் அழைக்கப்பட்ட பெட்ரோகிராடின் பின்னாள் பெயர் அது. 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் படை நகரத்தை வளைத்துக்கொண்டது. நவம்பர் கடைசியில் அலுவலக ஊழியருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் ஒரு நாள் ரேஷன் 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியிலும் பாதி மாவு இல்லை. புனித ஈசாக் சதுக்கத்தில் இருந்த வாவிலோவின் நிறுவனத்துக்குள் டின் பெட்டிகளில் கோதுமை, அரிசி, ஓட்ஸ், சோளம், நிலக்கடலை, பருப்பு வகைகள். இயக்குநர் எங்கே, உயிரோடு இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய ஆட்கள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. குண்டு விழும் வயலில் இறங்கி உருளைக்கிழங்கு வகைகளைத் தோண்டி எடுத்து வந்து, உறையாமல் இருக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் எரித்துச் சூடு காட்டினார்கள். எலிகளை விரட்ட முறை வைத்துக் கண் விழித்தார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பெட்டிகளுக்கு நடுவே இருப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பசி எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

நிலக்கடலைப் பிரிவின் அலெக்சாண்டர் ஷூகின் மேசையில் உட்கார்ந்தபடியே இறந்தார். ஓட்ஸ் பிரிவின் லீலியா ரோதினா இறந்தார். நெல் பிரிவின் திமித்ரி இவானோவ், பொட்டலம் பொட்டலமாக அரிசி விதைக்கு நடுவே பட்டினியால் இறந்தார். அவர் காத்த நெல் வகைகள் ஆயிரக்கணக்கில், ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவது நம் ஊரில் பெரும் பாவம். இளையான்குடி மாறனார் நள்ளிரவு மழையில் போய், அன்று விதைத்த முளைநெல்லைக் கூடையில் வாரி வந்து அடியாருக்கு அமுது சமைத்த கதையைப் பெரிய புராணம் சொல்லும். விருந்தினரின் பசிக்காக விதையையே கொடுத்ததால் அவர் நாயனாரானார். லெனின்கிராடில் அந்தச் சிலர், பின்னால் வரப்போகிறவர்களின் பசிக்காக விதையைத் தொடாமல் இறந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

போர் முடிந்தது. 1948 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 7 வரை மாஸ்கோவில் வேளாண் அறிவியல் கழகக் கூட்டம். லைசென்கோவின் உரையை ஸ்டாலினே முன்கூட்டிப் படித்துத் திருத்தியிருந்தார் என்பது பின்னாளில் ஆவணங்களில் வெளிவந்தது. எல்லா அறிவியலும் வர்க்கச் சார்புடையதே என்று லைசென்கோ எழுதியிருந்த இடத்தில், அப்படியானால் கணிதம், டார்வினியம் எல்லாம் என்ன என்று ஓரத்தில் சிரித்துக் கேட்டு எழுதியிருக்கிறார் ஸ்டாலின். அது அபத்தம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மேலே போக விட்டார். போரில் ஒரு கண்ணை இழந்த யோசிஃப் ராப்பப்போர்ட் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று மரபியலுக்காக வாதாடினார். கடைசி நாள் லைசென்கோ மேடையேறி, என் உரையைக் கட்சியின் மத்தியக் குழு படித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தார். அரங்கம் எழுந்து கைதட்டியது. முதல் நாள்வரை எதிர்த்துப் பேசிய மூவர் தங்கள் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ராப்பப்போர்ட் மட்டும் திரும்பப் பெறவில்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், வேலையும் போயிற்று.

அந்தக் கூட்டத்தோடு சோவியத் நாட்டில் மரபியல் பாடப்புத்தகங்கள் மறைந்தன, துறைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆராய்ச்சிக்கென வளர்த்த பழ ஈக்களைக்கூட அழித்தார்கள். இயற்பியலுக்கும் இப்படி ஒரு கூட்டம் 1949 மார்ச்சில் நடத்த ஏற்பாடாகியிருந்தது. அது கைவிடப்பட்டது. அணுகுண்டு வேண்டியிருந்தபோது ஐன்ஸ்டைனோடு சண்டை போட முடியாது. குண்டு வெடிக்கவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். வயலில் தோற்றால் வானிலையின் மேலும், நாசவேலைக்காரர்கள் மேலும், உழவன் மேலும் பழி போடலாம். ஒரே இனச் செடிகள் தமக்குள் போட்டியிடாது என்ற லைசென்கோவின் வாதத்தை நம்பி ஓக் விதைகளைக் கொத்துக் கொத்தாக நட்டார்கள், பெரும்பாலானவை பட்டுப்போயின. சீனாவில் 1958இல் மாவோ நெருக்கி நடச் சொன்னதிலும் இந்தப் பாடத்தின் சாயல் உண்டு.

நமக்கு நெருங்கிய ஒரு கிளைக்கதை. வாவிலோவ் 1913–14இல் இங்கிலாந்தின் மெர்டனில் அப்போது இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தில் மரபியலாளர் பேட்சனிடம் பயின்றார். அதே நிறுவனத்தில் 1940களில் பணியாற்றியவர் ஜானகி அம்மாள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் ஒட்டுச்சேர்க்கைகளால் பெயர் பெற்றவர். அவரோடு சேர்ந்து 1945இல் பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்ட டார்லிங்டன், லைசென்கோவைக் கடுமையாகச் சாடிய முதல் சிலரில் ஒருவர். இந்தியாவுக்கு வந்து இங்கேயே மறைந்த ஹால்டேனோ, மரபியலில் பெரிய மேதையாக இருந்தும், கம்யூனிஸ்ட் கட்சி விசுவாசத்தால் லைசென்கோவை வெளிப்படையாக எதிர்க்கச் சில ஆண்டுகள் தயங்கினார். கற்றவரின் தயக்கம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை ஹால்டேனைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நம் காலத்திலும் ஓர் ஆய்வு முடிவு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை என்று கோப்பில் உறங்கும்போது, முதலில் தேவைப்படுவது பக்கத்து அறையில் இருப்பவரின் குரல்தான்.

1955 ஆகஸ்டில் சோவியத் உச்ச நீதிமன்றத்தின் ராணுவப் பிரிவு, வாவிலோவ் மீதான தீர்ப்பை ரத்துசெய்து அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அன்று மாஸ்கோ மரபியல் நிறுவனத்தின் இயக்குநர் லைசென்கோ. 1940இல் வாவிலோவ் கைதான பிறகு அவருக்குக் கிடைத்த பதவி அது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பத்து ஆண்டுகள், 1965 வரை, அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

(அடுத்த வாரம்: 1927, அமெரிக்காவின் வர்ஜீனியா. கேரி பக் என்ற இளம்பெண்ணின் வழக்கு.)